முதலிடம் பிடித்த ஆல்பங்கள்: அமெரிக்க, பிரிட்டன் பட்டியல்களின் வழியே பாப், ராக் இசைக்குள் நுழைவது எப்படி?

மேற்கத்தியப் பாப், ராக் இசையைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விமர்சகர்கள் தொகுத்த 'தலைசிறந்த நூறு ஆல்பங்கள்' வகைப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள்; பத்தாவது ஆல்பத்தைத் தாண்டுவதற்குள் பலருக்கு அலுத்துவிடுகிறது. மக்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்து வாங்கியது எது என்று காட்டும் வார விற்பனைப் பட்டியலிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் கருத்து. முதலிடத்துக்கு வந்தவை எல்லாமே நல்ல ஆல்பங்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும் அவை பெருங்கூட்டம் விரும்பிக் கேட்டவை என்பதால், புதியவரின் காதுக்கும் விரைவில் பழகிவிடுகின்றன. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: பட்டியலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாட்டில், ஒரு வாரத்தில், அன்றைக்கு நடைமுறையில் இருந்த கணக்கு முறையின்படி அதிகமாகப் போன ஆல்பம் இது என்பதற்கு மேல் 'முதலிடம்' எதையும் சொல்வதில்லை.

முதற்படி: எந்தப் பட்டியல் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

அமெரிக்காவுக்கு 'பில்போர்டு 200', பிரிட்டனுக்கு அஃபிஷியல் சார்ட்ஸ் கம்பெனி வெளியிடும் ஆல்பம் பட்டியல் ஆகிய இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 1894ல் சின்சினாட்டி நகரில் சுவரொட்டி விளம்பரத் தொழிலுக்கான ஏடாகத் தொடங்கிய பில்போர்டு, 1956 மார்ச் முதல் ஆல்பங்களுக்கு ஒழுங்கான வாரப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதன் முதல் வாரத்தில் முதலிடத்தில் இருந்தவர் ஹாரி பெலஃபான்டே. இடங்களின் எண்ணிக்கை 1967ல் இருநூறாக உயர்ந்தது. பிரிட்டனில் 'ரெக்கார்டு மிரர்' என்ற இதழ் 1956 ஜூலையில் முதல் ஆல்பம் பட்டியலை அச்சிட்டது. அங்கே முதலிடம் ஃபிராங்க் சினாட்ராவுக்குக் கிடைத்தது. ஸ்பாட்டிஃபை, ஐடியூன்ஸ் போன்றவை காட்டும் அன்றாடப் பட்டியல்கள் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்குகளாகும். அவற்றில் முதலிடம் பெறுவதும் நாட்டின் பட்டியலில் முதலிடம் பெறுவதும் வேறு வேறு.

பாடல் பட்டியலையும் ஆல்பம் பட்டியலையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. பில்போர்டின் 'ஹாட் 100' தனிப்பாடல்களுக்கானது. லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' அறியாத ராக் ரசிகர் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அது அமெரிக்காவில் தனிப்பாடலாக விற்பனைக்கு வரவே இல்லை என்பதால், அன்றைய பாடல் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது. அதற்காக ஆல்பத்தைத்தான் வாங்க வேண்டியிருந்தது.

தேதி விஷயத்திலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் பாடகி அடெலின் '25' ஆல்பம் 2015 நவம்பர் 20 வெள்ளிக்கிழமை உலகெங்கும் வெளியானது. இரு நாடுகளிலும் அந்த வெள்ளி முதல் அடுத்த வியாழன் வரையிலான விற்பனைதான் எண்ணப்பட்டது. பிரிட்டன் தன் பட்டியலுக்கு நவம்பர் 27 என்று தேதியிட, பில்போர்டோ டிசம்பர் 12 என்று தேதியிட்டது. அமெரிக்க இதழ் வருகிற வாரங்களின் தேதியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பழக்கம் உடையது. இது தெரியாமல் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால், ஓர் ஆல்பம் அட்லாண்டிக்கைக் கடக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது என்று தவறாக முடிவுகட்ட நேரும். அந்த ஒரு வாரத்தில் '25' அமெரிக்காவில் 33 இலட்சத்துக்கும் மேலும், பிரிட்டனில் 8 இலட்சத்துக்குச் சற்று மேலும் விற்றது. அப்போது அதை ஸ்ட்ரீமிங் செயலிகளில் கேட்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த எண்ணின் பெருமை விளங்கும்.

இரண்டாம் படி: மூன்று எண்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்

ஓர் ஆல்பம் எட்டிய உச்ச இடம், முதலிடத்தில் இருந்த வாரங்கள், பட்டியலில் மொத்தமாக இருந்த வாரங்கள் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 ஏப்ரலில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரந்தான். ஆனால் 1988 வரையிலான காலத்தில் அது அதே பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. முதலிட வாரங்களை மட்டும் எண்ணுகிறவர் இதைச் சாதாரண வெற்றி என்று கடந்துபோவார். மொத்த வாரங்களைப் பார்ப்பவருக்கு, ஒவ்வோராண்டும் புதிதாக ராக் கேட்கத் தொடங்கிய இளைஞர்கள் கடைக்குப் போய் முதலில் கேட்ட ஆல்பங்களில் இதுவும் ஒன்று என்பது புரியும்.

எதிர்த்திசைக்கும் உதாரணம் உண்டு. ஒயாசிஸ் குழுவின் 'பீ ஹியர் நவ்' 1997 ஆகஸ்டில் வெளிவந்தபோது பிரிட்டனில் சில நாட்களிலேயே ஏறத்தாழ 7 இலட்சம் பிரதிகள் விற்றது. அதன் மதிப்பு சீக்கிரமே இறங்கிவிட்டது. முந்தைய ஆல்பத்தின் மீதிருந்த அன்புக்கு மக்கள் கொடுத்த விலைதான் அந்த முதல் வார விற்பனை என்று நான் நினைக்கிறேன். பொதுவாகவே, முதல் வார எண்ணை எதிர்பார்ப்பின் அளவாகவும், மொத்த வாரங்களை நிலைத்த விருப்பத்தின் அளவாகவும் எடுத்துக்கொண்டால் அதிகம் தவறு நேராது.

மூன்றாம் படி: எந்தக் காலத்துக் கணக்கு என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான். பட்டியலின் சுவையெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

1991 மே மாதம் வரை அமெரிக்கப் பட்டியல், தேர்ந்தெடுத்த கடைகளைக் கேட்டுத் தொகுக்கப்பட்டது. கடைக்காரர்கள் எத்தனை பிரதி விற்றது என்று சொல்வதில்லை; எது அதிகம் போகிறது என்று வரிசைப்படுத்திச் சொல்வார்கள். அந்த வரிசையில் கடைக்காரரின் ரசனையும், கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்கும், இசை நிறுவன ஆட்களின் நச்சரிப்பும் கலந்திருந்ததில் வியப்பில்லை. அதன்பின் வந்த சவுண்ட்ஸ்கேன் முறையில், கல்லாவில் பார்கோடு படிக்கப்படும்போதே விற்பனை எண்ணப்பட்டது. உடனே பட்டியலின் முகமே மாறியது. கண்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற மரபில் வந்த பாட்டு வகை), ராப், ஹெவி மெட்டல் ஆகிய வகைகள் அதுவரை காட்டப்பட்டதைவிட மிக அதிகமாக விற்பது வெளிச்சத்துக்கு வந்தது. 1991 செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் 'ரோப்பின் தி விண்ட்' நுழைந்த வாரத்திலேயே முதலிடம் பிடித்தது. கண்ட்ரி ஆல்பம் ஒன்று அப்படி நுழைந்தது அதுவே முதல் முறை. 1992 ஜனவரியில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு ஏறியது. சில மாதங்களுக்கு முன் 144ஆம் இடத்தில் நுழைந்த ஆல்பம் அது.

நுழைந்த வாரத்திலேயே முதலிடம் என்பது இன்று வழக்கமாகிவிட்டது. பழைய முறையில் அது அரிய நிகழ்வு. 1975 ஜூனில் எல்டன் ஜான் 'கேப்டன் ஃபென்டாஸ்டிக் அண்ட் தி பிரௌன் டர்ட் கௌபாய்' ஆல்பத்தால் அதை முதன்முதலில் சாதித்தார்; சவுண்ட்ஸ்கேன் வரும் வரை அப்படி நுழைந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே, 1980ல் ஓர் ஆல்பம் முதலிடம் அடைய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டிருந்தால் அதை மந்தமான தொடக்கம் என்று கருதிவிடாதீர்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' கூட 1982 நவம்பர் இறுதியில் வெளிவந்து, 1983 பிப்ரவரி கடைசியில்தான் முதலிடத்துக்கு வந்தது. வந்தபின் மொத்தம் 37 வாரங்கள் அங்கே இருந்தது.

அடுத்த பெரிய மாற்றம் ஸ்ட்ரீமிங்கால் வந்தது. 2014 டிசம்பர் முதல் பில்போர்டு, 1,500 முறை கேட்கப்பட்ட பாடல்களையோ தனித்தனியே வாங்கப்பட்ட 10 பாடல்களையோ ஓர் ஆல்பத்துக்குச் சமமாகக் கணக்கிடத் தொடங்கியது. 2018ல் கட்டணம் செலுத்திக் கேட்பதற்கு அதிக மதிப்பும், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பதற்குக் குறைந்த மதிப்பும் தரப்பட்டன. இந்த விகிதங்கள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. பிரிட்டன் 2015 மார்ச்சில் இந்த வழிக்கு வந்தபோது கூடுதலாக ஓர் எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டது: ஆல்பத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் முதல் இரண்டு பாடல்களின் எண்ணிக்கையை, மற்றப் பாடல்களின் சராசரிக்கு இறக்கியே கணக்கில் எடுத்தது. ஒரே ஒரு வெற்றிப்பாட்டு முழு ஆல்பத்தையும் தூக்கிச் செல்வதைத் தடுக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கர்களும் அதைச் செய்திருக்கலாம்.

பழைய ஆல்பங்களுக்கு இருந்த தடையையும் அறிந்துகொள்ளுங்கள். 1990களிலும் 2000களிலும் பில்போர்டு, வெளிவந்து காலம் கடந்த ஆல்பங்களை முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கித் தனிப் பட்டியலில் வைத்திருந்தது. 2009ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது, அவருடைய பழைய ஆல்பங்கள் நாட்டிலேயே அதிகம் விற்றும் முதன்மைப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லாத நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடை நீக்கப்பட்டது. நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய ஆல்பங்கள் இன்று பட்டியலில் வாரந்தோறும் தென்படுவதற்கு அதுவே காரணம்.

பிரிட்டனில் வேறொரு வேலி உண்டு. பல கலைஞர்களின் பாடல்களைத் தொகுத்த ஆல்பங்கள் 1989 ஜனவரி முதல் அங்கே தனிப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஆகவே, அமெரிக்காவில் 20 வாரம் முதலிடத்தில் இருந்த 'தி பாடிகார்டு' திரைப்பட ஆல்பத்தை பிரிட்டனின் முதன்மைப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

நான்காம் படி: இரு நாடுகளையும் அருகருகே வையுங்கள்

ஒரே மொழி பேசினாலும் இரு நாடுகளின் செவியும் ஒன்றல்ல. பிங்க் ஃபிளாய்டு பிரிட்டிஷ் குழு. ஆனாலும் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வெளிவந்த காலத்தில் தாய்நாட்டில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. லெட் செப்பலினின் நான்காம் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் பத்துக்கும் மேற்பட்ட முதலிட ஆல்பங்களைக் கொண்ட ராபி வில்லியம்ஸ், அமெரிக்காவில் 'தி ஈகோ ஹேஸ் லேண்டட்' தொகுப்பின் மூலம் எட்டிய இடம் 63. கார்த் புரூக்ஸின் கதை இதன் தலைகீழ்: அமெரிக்காவில் ஒன்பது முதலிட ஆல்பங்களை வைத்திருக்கும் அவருக்கு பிரிட்டனில் ஒன்றுகூட இல்லை.

இந்த ஒப்பீடு வழக்கமாகச் சொல்லப்படும் கதைகளையும் திருத்தும். அறுபதுகளின் பிரிட்டன் என்றவுடன் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் என்றுதான் நினைவுக்கு வரும். ஆனால் 1965, 1966, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே அதிகம் விற்ற ஆல்பம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படத்தினுடையது. மொத்தம் 70 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன் 'சவுத் பசிஃபிக்' திரைப்பட ஆல்பம் 1958 நவம்பர் முதல் தொடர்ச்சியாக 70 வாரங்கள் முதலிடத்தை விட்டு அசையவில்லை. ஒரு முழு ஆல்பம் அடங்கும் எல்.பி. இசைத்தட்டு விலை கூடிய பொருளாக இருந்த காலம் அது. பெரியவர்கள் அதை வாங்கினார்கள், பிள்ளைகள் இரண்டு பாட்டு மட்டும் அடங்கிய சிறிய தட்டை வாங்கினார்கள்.

ஐந்தாம் படி: சரியான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

செயலியில் ஒரு புகழ்பெற்ற ஆல்பத்தைத் தேடினால் 'டீலக்ஸ்', 'ரீமாஸ்டர்டு', 'ஆண்டுநிறைவுப் பதிப்பு' என்று பல வந்து நிற்கும். ஒலியைச் செம்மைசெய்த பதிப்பால் தீங்கில்லை. பின்னிணைப்பாக ஒத்திகைப் பதிவுகளும் கச்சேரிப் பதிவுகளும் சேர்த்த பதிப்பைப் புதியவர் தவிர்க்க வேண்டும். மூல ஆல்பம் முடிந்த இடம் எது என்றே அதில் தெரியாது. பாடல்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' பதினொன்று, 'த்ரில்லர்' ஒன்பது. நாற்பது பாடல்கள் தெரிந்தால் வேறு பதிப்பைத் தேடுங்கள். டெய்லர் ஸ்விஃப்ட் விஷயத்தில் 2008ல் வந்த 'ஃபியர்லெஸ்' ஒன்று, அதை அவரே மீண்டும் பாடிப் பதிவுசெய்து 2021ல் வெளியிட்டது மற்றொன்று. இரண்டும் அமெரிக்காவில் முதலிடம் பெற்றவை என்பதால் எந்த ஆண்டைப் பேசுகிறோம் என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

1967க்கு முந்தைய பீட்டில்ஸ் ஆல்பங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. அவற்றை அமெரிக்காவில் வெளியிட்ட கேபிடல் நிறுவனம் பிரிட்டிஷ் ஆல்பங்களிலிருந்து சில பாடல்களை எடுத்தும் மாற்றியும் அமெரிக்காவுக்கென வேறு ஆல்பங்களை உருவாக்கியது. பிரிட்டனின் 'ரப்பர் சோல்' 14 பாடல்களோடு 'டிரைவ் மை கார்' என்ற துள்ளலான பாட்டில் தொடங்குகிறது; அமெரிக்காவின் 'ரப்பர் சோல்' 12 பாடல்களோடு, மின்கிதார் ஆரவாரம் குறைந்த 'ஐ'வ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்' பாட்டில் தொடங்கி, ஏதோ நாட்டுப்புறப் பாடல் ஆல்பம் போல ஒலிக்கிறது. அதே பெயரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது இந்த இரண்டாவதுதான். 1987ல் பீட்டில்ஸ் ஆல்பங்கள் சி.டி.யாக வந்தபோது பிரிட்டிஷ் வடிவமே உலகெங்கும் பொதுவாக்கப்பட்டது. செயலிகளில் நீங்கள் கேட்பதும் பெரும்பாலும் அதுவே. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஆஃப்டர்மாத்' ஆல்பத்துக்கும் இதே இரட்டை வாழ்க்கை உண்டு.

ஆறாம் படி: வரிசைப்படி, பக்கம் பக்கமாகக் கேளுங்கள்

செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். ஆல்பத்தின் வரிசை கலைஞர் யோசித்து அமைத்தது என்று அடெல் வாதாடியதன் பேரில், 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கங்களில் அதை இயல்பான பொத்தானாக வைத்திருந்த வழக்கத்தை விட்டது. ஒரு பாட்டு தேய்ந்து மற்றொன்றில் கரையும்படி செய்யும் வசதியையும் அணைக்க வேண்டும். இல்லையெனில் பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' போன்ற, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் கோத்த ஆல்பத்தின் இணைப்புகள் கெட்டுப்போகும்.

தொடங்குவதற்கு 1977 பிப்ரவரியில் வெளிவந்த ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தையே நான் பரிந்துரைப்பேன். அமெரிக்காவில் 31 வாரங்கள் முதலிடம், பிரிட்டனில் ஒரு வாரம். பாடல்கள் சிறியவை, மெட்டுகள் முதல் முறையிலேயே மனத்தில் ஒட்டுபவை. குழுவில் இருந்த ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் மணமுறிவில் இருந்தார்கள். லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் காதலை முறித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளான மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பத்திலும் அமைதியில்லை. இந்த நிலையில் எல்லாரும் ஒரே ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாடியது இது. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் (அதாவது முதல் ஆறு பாடல்களில்) நிக்ஸ் எழுதிய 'டிரீம்ஸ்' பாட்டையும், பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே' பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்: ஒரே பிரிவை இருவரும் தத்தம் தரப்பிலிருந்து பாடுகிறார்கள், தன்னைக் குறைகூறும் பாட்டுக்கே நிக்ஸ் பின்னணிக் குரல் கொடுக்கிறார். முதல் பக்கம் 'சாங்பர்டு' என்ற, பியானோவை முதன்மையாகக் கொண்ட அமைதியான பாட்டில் முடிகிறது. அங்கே நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டான 'தி செயின்' பாட்டைத் தொடங்குங்கள். ஐவர் பெயரிலும் அமைந்த ஒரே பாட்டு அது. தனித்தனித் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கியது. மூன்று நிமிடம் போனபின் மற்றக் கருவிகள் ஓய, ஜான் மெக்வீயின் பேஸ் கிதார் மட்டும் தனியே எழும் இடத்தைக் கவனியுங்கள். பி.பி.சி. தன் ஃபார்முலா ஒன் ஒளிபரப்புக்கு முகப்பிசையாக எடுத்துக்கொண்டது அந்தப் பகுதியைத்தான்.

அதற்குப்பின் 'த்ரில்லர்', 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்', 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்று போகலாம். பிங்க் ஃபிளாய்டு ஆல்பத்தை ஹெட்ஃபோனில், நடுவில் எழுந்திருக்காமல் கேட்பது நல்லது. பிறகு 'நெவர்மைண்ட்' ஆல்பத்தையும் ஒயாசிஸின் 1995ஆம் ஆண்டு ஆல்பமான 'மார்னிங் குளோரி'யையும் இணையாக வையுங்கள். முன்னது அமெரிக்காவில் முதலிடம் பெற்று அன்றைய பிரிட்டனில் பெறாதது. பின்னது பிரிட்டனில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்து, அமெரிக்காவில் நான்காம் இடத்தோடு நின்றது.

பிளாட்டினம் விருதுகளைப் பற்றி ஒரு குறிப்பு

பட்டியலையும் விற்பனைச் சான்றிதழையும் ஒன்றாக எண்ணாதீர்கள். அமெரிக்காவில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற தொழில் சங்கம் 5 இலட்சத்துக்குத் தங்கமும் 10 இலட்சத்துக்குப் பிளாட்டினமும் தருகிறது. பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு 3 இலட்சம் போதும். அமெரிக்காவில் இசை நிறுவனம் விண்ணப்பித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' 23 பிளாட்டினம் என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரட்டை இசைத்தட்டு என்பதால் ஒவ்வொரு பிரதியும் இரண்டாக எண்ணப்பட்டது. மறுபுறம், ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' அமெரிக்காவில் நான்காம் இடத்தைத் தாண்டாமலேயே 2 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட அலகுகளுக்குச் சான்றிதழ் பெற்றிருக்கிறது.

ஏழாம் படி: ஓர் ஆண்டை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள்

தனித்தனி ஆல்பங்கள் சில பழகியபின், ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து இரு நாடுகளின் முதலிட ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்பது நல்ல பயிற்சி. பிரிட்டனின் பழைய பட்டியல்கள் அஃபிஷியல் சார்ட்ஸ் இணையதளத்தில் வாரவாரியாகக் கிடைக்கின்றன. 1977ஐ எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பட்டியல் சிறியது: ஆண்டின் பெரும்பகுதியை 'ரூமர்ஸ்' ஆக்கிரமித்துக்கொள்ள, ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' போன்ற சிலவற்றுக்கே மீதி வாரங்கள் கிடைத்தன. பிரிட்டனிலோ அதே ஆண்டில் அபாவின் 'அரைவல்' பத்து வாரங்கள் இருந்தது. தி ஷேடோஸ் குழுவின் பழைய வாத்தியப் பாடல்களின் தொகுப்பு வந்தது. மப்பெட் பொம்மைகளின் ஆல்பம் கூட முதலிடம் பிடித்தது. நவம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸின் பங்க் ஆல்பம், பல கடைகள் விற்க மறுத்தும், உச்சிக்கு ஏறியது. 'ரூமர்ஸ்' அங்கே முதலிடம் பெற்றதோ 1978 ஜனவரியில். அடுத்து அந்த ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' அமெரிக்காவில் 24 வாரங்களும் பிரிட்டனில் 18 வாரங்களும் முதலிடத்தில் இருந்து, இரு பட்டியல்களையும் ஒன்றுபோலத் தோன்றச் செய்த ஆண்டு அது.